ஆறாவது ஸ்க்ரூ

மூடியில் ஐந்துதான் இருந்தது.

மறுபடி எண்ணினேன். விரல் நுனியால் ஒவ்வொன்றாக ஓரத்துக்குத் தள்ளி, வாய்விட்டே எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அதற்குமேல் தகர மூடியின் துருதான் தெரிந்தது. ஆறு இருந்திருக்க வேண்டும். நெல்மணி அளவு ஸ்க்ரூ. கடையில் கேட்டால் எண்ணிக்கூடக் கொடுக்க மாட்டான், அள்ளிப் போடுவான்.

நான் பிரித்துப் பூட்டின வண்டியில் என் மகள் ஏறிப் போய் அரை நிமிஷம் ஆகியிருந்தது. குவாரியின் அந்தக் கோடியில் என்ஜின் கத்துவது கேட்டது. ஆறாவது ஸ்க்ரூ தரையில் இல்லை என்றால் அந்த என்ஜினுக்குள்தான் இருக்கிறது.

நடந்ததைச் சொன்னால்தான் புரியும். சுருக்கமாகச் சொல்கிறேன், நீட்டி முழக்க எனக்குப் பொறுமை கிடையாது.

நான் மெக்கானிக். வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு இரண்டு சக்கர வண்டிகள் பார்க்கிறேன். அதற்கு முன்னால் என்ஜின் தொழிற்சாலையில் பதினோரு வருஷம். அதில் நான்கு வருஷம் ரீட் வால்வு பொருத்தும் மேசை. டூ-ஸ்ட்ரோக் என்ஜின் மூச்சு இழுக்கிற வழியில் வைத்த கதவு அது. கார்புரேட்டரில் இருந்து பெட்ரோலும் காற்றும் கலந்து உள்ளே வரும்போது மெல்லிய இதழ்கள் திறக்கும். உள்ளே போனது திரும்பி வெளியே வராதபடி உடனே மூடிக்கொள்ளும். இதழ்களை ஒரு சின்னக் கூட்டில் வைத்து ஆறு ஸ்க்ரூ போட்டு இறுக்க வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு கூடு இறுக்கியிருக்கிறேன். அப்படிப்பட்ட என்னிடம் வந்து என் மகள் சொல்கிறாள், கம்பெனி ரீட் சரியில்லையாம்.

மகளுக்குப் பெரிய பெயராகத்தான் பார்த்து வைத்தோம். நடக்கப் பழகின மறுநாளே மேசை மேல் ஏறிக் குதித்தாள், அன்றிலிருந்து வாண்டுதான். இப்போது இருபது வயது. பார்சல் கிடங்கில் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஆனால் டர்ட் பைக். மண்ணிலும் மேட்டிலும் பறக்கிற பந்தயம். இன்னும் இரண்டு வாரத்தில் தேர்வு ஓட்டம் இருந்தது.

"அம்மா, எல்லாரும் வெளியில வாங்கின கார்பன் ரீட்தான் போடறாங்க. முறுக்கின உடனே வண்டி கிளம்புது. நம்ம வண்டி யோசிச்சுட்டு இல்ல கிளம்புது?"

"யோசிக்கட்டுமே. இந்த வீட்ல அது ஒண்ணாவது யோசிக்குதே."

"ஒரு தடவை போட்டுப் பாத்துட்டு திட்டும்மா. போடாமலே திட்டறியே."

"கம்பெனியில படிச்சவன் அம்பது பேர் உக்காந்து செஞ்சது மட்டமா? எவனோ பாலிதீன் கவர்ல போட்டு அனுப்பினது ஒசத்தியா? போடி."

இப்படித்தான் பேசினேன். நிஜமான காரணம் வேறு. இதழை மாற்றினால் காற்றுக் கணக்கு மாறும். காற்று கூடிப் பெட்ரோல் குறைந்தால் என்ஜின் கொதிக்கும், கொதித்தால் பிஸ்டன் ஜாம் ஆகும். ஓடுகிற ஓட்டத்தில் ஜாம் ஆனால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். தொழிற்சாலையில் வண்டிகளைச் சோதனைக்கு ஓட்டுகிற ஒருவருக்கு அப்படி ஆனதை நான் பார்த்தேன். ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். ஒரு காலில் ஷூ இல்லை. இதை நான் மகளிடம் சொன்னதே இல்லை. எனக்குப் பயம் வந்தால் வெளியே வரும்போது அது கோபமாகத்தான் வருகிறது. என்ன செய்ய, அப்படி ஒரு பிறவி.

எனக்குக் கோபம் அதிகம் என்பார்கள். அதிகம் எல்லாம் இல்லை, தேவைக்குத்தான் வருகிறது. இந்த வீட்டில் தேவை அதிகம், அவ்வளவுதான்.

போன வாரம் அவளே என் கொட்டகையில் உட்கார்ந்து கார்பன் இதழை மாட்டினாள். அதே குவாரிக்குப் போனோம். கல் எடுத்து முடித்து விட்டுப்போன குவாரி அது, வண்டிக்காரர்கள் மேடும் வளைவும் கட்டி வைத்திருக்கிறார்கள். முதல் சுற்றிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வளைவை விட்டு வெளியே வரும்போது வண்டி துள்ளிக்கொண்டு வந்தது. நேர் பாதையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் வளைவில் இருந்தது. கண் இருக்கிற யாருக்கும் தெரியும்.

இரண்டாவது சுற்றில் நான் பாதையோரம் போய் இரண்டு கையையும் ஆட்டி நிறுத்தினேன்.

"என்னம்மா? என்ன ஆச்சு?" என்று ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் வேர்வை, பயந்துபோயிருந்தாள்.

"செயின்ல சத்தம் வருது."

செயினில் ஒரு சத்தமும் இல்லை. அவள் குனிந்து பார்த்தாள், சுற்றிப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். வீடு வந்து சேரும்வரை பேசவில்லை. மறுநாள் நான் பழைய இதழையே திரும்ப மாட்டி வைத்தேன். மூன்றாம் நாள் சாப்பிடும்போது சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை திரும்பப் போறோம். பழசுல மூணு சுத்து, புதுசுல மூணு சுத்து. மாட்டறது நீதான், உன் கையாலதான் மாட்டணும். டைம் பாக்கறது அப்பா. எது ஜெயிக்குதோ அது வண்டியில இருக்கும். ஆனா ஒண்ணு. நீ கையைக் காட்டினா நான் நிக்க மாட்டேன். தலைகீழா நின்னு ஆடினாலும் நிக்க மாட்டேன்."

"நான் எதுக்குடி ஆடப் போறேன்?" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இது. காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. பழைய இதழில் மூன்று சுற்று முடித்தாள். நல்ல சுற்று ஒரு நிமிஷம் நாற்பத்தெட்டு. தண்ணீர் குடிக்க, வண்டியை ஏற்றி வந்த வேனுக்குப் போனாள். நான் வண்டியைத் தார்ப்பாய் மேல் ஏற்றி, கார்புரேட்டரைத் தள்ளி, ரீட் கூட்டை வெளியே எடுத்தேன். எடுத்த இடத்தில் என்ஜினுக்குள் போகிற ஓட்டை, என் மூன்று விரல் நுழைகிற அகலம். தூசி போகக் கூடாது என்று அதில் சுத்தமான துணியைச் செருகினேன். கூட்டை மடியில் வைத்து ஆறு ஸ்க்ரூவையும் கழற்றினேன்.

கழற்றின ஸ்க்ரூவை நான் வைக்கிற இடம் வாய். உதடு நடுவில் வரிசையாகக் கவ்விக்கொள்வேன். தொழிற்சாலையில் இதற்குத் தட்டு உண்டு, தட்டில் குழி உண்டு. ஒரு குழி காலியாக இருந்தால் லைனே நகராது. என் கொட்டகையில் தட்டு கிடையாது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற என் வீட்டுக்காரர் இதற்கு ஒரு ஜோக் வைத்திருக்கிறார். "அவ வாயில ஸ்க்ரூ இருக்கற வரைக்கும் வீட்ல சண்டை இல்ல. அதுக்குத்தான் வண்டிக்கு இத்தனை ஸ்க்ரூ வெச்சிருக்கான்." வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்வார். நான் முறைப்பேன், வாயில் ஸ்க்ரூ இருக்கும்.

கார்பன் இதழை வைத்துப் பார்த்தேன். கூடு உட்காருகிற விளிம்பில் கசிவைத் தடுக்கிற பேக்கிங் தாளின் பழைய துணுக்கு ஒட்டியிருந்தது, அதைத் துடைக்க ஓட்டையில் செருகின துணியை உருவினேன். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் என் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, கைப்பேசியில் ஸ்டாப்வாட்சை நோண்டிக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னார்.

"போன வாரம் புதுசுல ஒண்ணரை செகண்டு கம்மியா வந்துச்சு, இன்னிக்கும் அப்படியே வருதான்னு பாப்போம்."

போன வாரம் நேரம் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன். சரி என்று தலையாட்டியவர் இவர்.

"போன வாரம் டைம் பாத்தீங்களா?" என்று கேட்டேன். கேட்டேன் என்றால் கத்தினேன். வாயைத் திறந்த கையோடு ஆறு ஸ்க்ரூவும் பொலபொலவென்று உதிர்ந்தன.

"பாத்துட்டு வாயைத் திறக்காம ஒரு வாரம் நடிச்சீங்களா? அப்பனும் மகளும் சேந்து என்னைக் கோமாளி ஆக்கறீங்களா?"

"இல்லம்மா, சும்மா ஒரு…"

"என்ன சும்மா? நான் இங்க உயிரைக் கையில புடிச்சுட்டு உக்காந்திருக்கேன், உங்களுக்கு சும்மாவா?"

அவர் குனிந்து ஸ்க்ரூக்களைப் பொறுக்கப் போனார். "தொடாதீங்க!" என்று கையைத் தட்டிவிட்டேன். நானே பொறுக்கி டப்பா மூடியில் போட்டேன். எல்லாம் மண். மண் ஒட்டின ஸ்க்ரூவை என்ஜினில் போட முடியாது. கார்பன் ரீட் வந்த கவரிலேயே ஆறு புது ஸ்க்ரூ இருந்தது, கவரைப் பல்லால் கிழித்து அதைப் போட்டு இறுக்கினேன். கோபத்தில் கை இன்னும் வேகமாக ஓடும் எனக்கு. கூட்டை உள்ளே வைத்து, கார்புரேட்டரை மாட்டி, பத்து நிமிஷத்தில் வண்டியைத் தள்ளிவிட்டேன்.

வீட்டுக்காரர் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"மூச்! இந்த மூணு சுத்து முடியற வரைக்கும் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. போய் கம்பத்துக்கிட்ட நில்லுங்க."

அவர் வாயை மூடிக்கொண்டு போனார். கம்பம் என்பது சுற்று முடிகிற இடம், தார்ப்பாயில் இருந்து இருநூறு அடி. வாண்டு உதைத்துக் கிளப்பினாள், ஹெல்மெட்டைத் தட்டிக் காட்டினாள், போய்விட்டாள். நான் சாமான்களை எடுத்து வைக்கும்போதுதான் மூடியைப் பார்த்தேன்.

ஐந்து.

தார்ப்பாயை உதறினேன். ஸ்பேனர் விழுந்தது, திருப்புளி விழுந்தது, கவரின் கிழிந்த துண்டு விழுந்தது. ஸ்க்ரூ விழவில்லை. மண்டியிட்டு மண்ணை விரலால் கோதினேன். என் மடியை, சட்டை மடிப்பை, மேல்சட்டைக் கைகளை எல்லாம் தடவினேன். ஷூவைக் கழற்றித் தட்டினேன். இல்லை.

அப்போது ஒன்று ஞாபகம் வந்தது. கத்தும்போது துணி என் கையில் இருந்தது. கத்தி முடித்து அதே துணியால்தான் மோவாயைத் துடைத்தேன், எச்சில் பட்ட இடம் இன்னும் ஈரமாக இருந்தது. துணி கையில் இருந்தது என்றால் ஓட்டை திறந்து கிடந்தது. என் வாய்க்கு நேர் கீழே ஒரு முழ தூரத்தில் திறந்து கிடந்தது.

கழற்றின ஷூவை மாட்டாமலே எழுந்தேன்.

என்ஜினுக்குள் விழுந்த ஸ்க்ரூ உடனே ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். அடியில், ஒரு மூலையில், எண்ணெய்ப் பசையில் ஒட்டிக்கொண்டு சமர்த்தாக இருக்கும். வண்டி மேட்டில் ஏறி அந்தரத்தில் பறந்து தொம்மென்று இறங்கும்போது பெயரும். பெயர்ந்தால் காற்று போகிற வழியாக மேலே பிஸ்டன் தலைக்கு வரும், இல்லையென்றால் கீழேயே சுழல்கிற கிராங்க் தண்டில் சிக்கும். எதில் சிக்கினாலும் ஒரே முடிவு. சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஆள் வண்டிக்கு முன்னால் போவாள். எனக்கு ஷூ இல்லாத அந்தக் கால் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. இந்தத் தடவை அந்தக் காலில் என் மகளின் நீலக் காலுறை இருந்தது.

"ஏங்க!" என்று கத்தினேன். "ஏங்க! நிறுத்தச் சொல்லுங்க! அவளை நிறுத்துங்க!"

எதிர்க்காற்று. அவர் திரும்பிப் பார்த்தார். நான் நேரம் கேட்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, பயந்து பயந்து கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினார். பேசக் கூடாது என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அந்த மனுஷன் சொன்னதைக் கேட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அன்றுதான் இவ்வளவு ஒழுங்காகக் கேட்டார்.

அவரிடம் ஓடுவதைவிடப் பாதை எனக்குப் பக்கம். பாதையை நோக்கி ஓடினேன். கல், சரளை, ஒரு காலில் ஷூ இல்லை. என்ஜின் சத்தம் வளைவில் ஏறி வந்துகொண்டிருந்தது. கேட்கக் கேட்க என் காது அந்தச் சத்தத்துக்குள் இன்னொரு சத்தத்தைத் தேடியது. கிணுக் என்று ஒரு சின்னச் சத்தம். அது வந்துவிடக் கூடாது, வந்துவிடக் கூடாது என்று மூச்சுக்கு மூச்சு வேண்டிக்கொண்டேன். சாமி கும்பிடுகிற ஆள் இல்லை நான். யாரை வேண்டினேனோ தெரியாது.

அவள் வந்தாள். முதல் சுற்று முடிகிறது. நான் பாதையோரம் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினேன். வேண்டாம், நில், நில் என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஹெல்மெட் என் பக்கம் திரும்பியது, என்னைப் பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டு ஒரு கையை எடுத்து ஆள்காட்டி விரலை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டினாள். நடக்காது அம்மா. அப்புறம் முறுக்கினாள். வண்டி துள்ளிக்கொண்டு போய்விட்டது, மண் என் வாயெல்லாம் அடித்தது.

நான் என்னை அடித்துக்கொண்டேன். நிஜமாகவே, நெற்றியில் பளார் பளாரென்று அடித்துக்கொண்டேன். போன வாரம் இல்லாத செயின் சத்தத்துக்காக நிறுத்தினேனே, படுபாவி. நிறுத்துகிற உரிமையை அன்றைக்கே செலவழித்துவிட்டேன். இன்றைக்கு என் மகள் சாகப் போகிறாள், நான் கையை ஆட்டுவதைப் பார்த்து அவள் சிரித்துக்கொண்டு போகிறாள்.

இன்னும் ஒன்றே முக்கால் நிமிஷம் இருந்தது. அதற்குள் எங்கேயாவது சக்கரம் பூட்டிக்கொண்டால் அவ்வளவுதான். பூட்டாமல் வந்தால் நான் நிறுத்தியாக வேண்டும். ஓரத்தில் நின்றால் நிற்க மாட்டாள், நடுவில் நின்றால் நின்றுதானே ஆக வேண்டும்? பெற்ற தாய் மேலா ஏற்றுவாள்?

பாதை நடுவில் போய் நின்றேன். எனக்கு முன்னால் இருபதடியில் ஒரு சின்ன மேடு. மேட்டுக்கு அந்தப் பக்கம் வருகிறவளுக்கு இந்தப் பக்கம் நிற்கிற நான் தெரிய மாட்டேன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. நான் நின்று பார்த்தால் மேட்டுக்கு மேல் தெரிகிறதே, அவளுக்கும் தெரியும் என்று நினைத்தேன். அவள் வண்டியில் குனிந்துகொண்டு வருவாள் என்பது மெக்கானிக்கான எனக்குத் தெரியாதா? தெரியும். பயத்தில் எல்லாம் போய்விட்டது.

சத்தம் போனது, சுற்றியது, அந்தக் கோடி மேட்டில் ஏறியது. அங்கே ஒரு கணம் என்ஜின் சத்தம் அறுந்தது. பூட்டிவிட்டதா? இல்லை, பறக்கும்போது முறுக்கை விட்டிருக்கிறாள். தொம்மென்று இறங்கி மறுபடி கத்தியது. இப்போது ஸ்க்ரூ பெயர்ந்திருக்கும். இப்போது மேலே ஏறுகிறது. வளைவு. இன்னொரு வளைவு. கூப்பிட வேண்டும் என்று வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. வாழ்நாள் முழுக்கக் கத்தின வாய், வேண்டிய நேரத்தில் சத்தம் வரவில்லை.

மேட்டுக்கு மேல் முன்சக்கரம் தெரிந்தது, ஹெல்மெட் தெரிந்தது, அப்புறம் என்னைக் கண்ட கண்கள் தெரிந்தன.

அவள் வண்டியை வெட்டித் திருப்பினாள். முன்சக்கரம் சரளையில் வழுக்கியது. வண்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். அவள் தோளில் விழுந்து, உருண்டு, என் காலடிக்கு மூன்றடி தள்ளி மல்லாந்து கிடந்தாள். புழுதி எழும்பி எல்லாவற்றையும் மறைத்தது.

நான் ஓடினேன். எங்கே ஓடினேன் என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதலில் வண்டிக்கு ஓடினேன். படுத்துக்கிடந்த வண்டியின் பின்சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது, என்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. எங்கும் பூட்டவில்லை, எங்கும் இடிக்கவில்லை. அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே பட்டனை அழுத்தி நிறுத்தினேன். அப்புறம்தான் மகளிடம் போனேன். பதினோரு வருஷம் பழக்கம், கையும் காலும் அந்த வரிசையில்தான் வேலை செய்தது.

அவள் அசையவில்லை.

"வாண்டு. வாண்டும்மா. தங்கம். கண்ணைத் திற. அம்மாடி, கண்ணைத் திறடி."

ஹெல்மெட் கண்ணாடிக்குள் இமை மூடியிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் எண்ணினேன். ஐந்து என்று சொல்லும்போது அவள் மூச்சை இழுத்தாள், இருமினாள்.

"உனக்குப் பைத்தியமா?" என்றாள்.

அந்த வார்த்தையைக் கேட்டு எனக்கு உயிர் வந்தது. அழுகையும் வந்தது. காலை அசைத்துக் காட்டச் சொன்னேன், அசைத்தாள். வலது கையைத் தூக்கினாள். இடது கை வரவில்லை. தோளுக்குக் கீழே ஏதோ தப்பாக இருந்தது. தொட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டாள். இரண்டு வாரத்தில் தேர்வு ஓட்டம் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்காரர் ஓடி வந்தார். தொந்தியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு இரைக்க, கைப்பேசியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்து மகள் பக்கத்தில் விழுந்து உட்கார்ந்தார்.

"தோள்தாங்க. தலையில ஒண்ணும் இல்ல, பேசறா," என்றேன். அப்புறம் பேச்சு எனக்கே நிற்கவில்லை. "பழைய ஸ்க்ரூ ஒண்ணு என்ஜின் உள்ள விழுந்துடுச்சுங்க. எண்ணிப் பாத்தேன், அஞ்சுதான் இருக்கு. நான் கத்தினப்ப ஓட்டை திறந்து கிடந்துச்சு. ஜாம் ஆகி இவளைத் தூக்கி அடிச்சிருக்கும். அதுக்குத்தான் குறுக்க நின்னேன். செயின் மாதிரி இல்லடி வாண்டு, இது நிஜம்டி."

அவர் என்னைப் பார்த்த பார்வை ஒரு மாதிரி இருந்தது. மெதுவாகச் சட்டைப் பையில் இரண்டு விரலை விட்டார். எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

நெல்மணி அளவு, மண் ஒட்டினது, தலையில் என் திருப்புளி கீறின பழைய கீறல்.

"முட்டியில ஒட்டிட்டு இருந்துச்சும்மா," என்றார். "எழுந்து தட்டறப்ப பாத்தேன். புதுசு மாட்டிட்டியே, பழசு எதுக்குன்னு பையில போட்டேன். அப்பவே சொல்லத்தான் வாயெடுத்தேன். நீதான்…"



எனக்குள் கிளம்பியது. ஏன் சொல்லவில்லை, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் பிள்ளை இப்படிக் கிடப்பாளா, வாயில் என்ன கொழுக்கட்டையா என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வாயைத் திறந்தேன். திறந்தவுடன் அவர் உட்கார்ந்த வாக்கிலேயே கொஞ்சம் பின்னால் நகர்ந்தார். ஒரு சாண் இருக்கும். கீழே கிடந்த வாண்டு வலியோடு வலியாகக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள், சத்தம் வரப்போகிறது என்று.

நான் கத்தவில்லை. சத்தம் வராததால் வாண்டு ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள்.

"அப்பா," என்றாள் மெல்ல. "முதல் சுத்து டைம் என்ன?"

கைப்பேசி அவர் கையில்தான் இருந்தது. அவர் கைப்பேசியைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். பதில் சொல்லலாமா, சொன்னால் என்ன ஆகும் என்று பார்த்தார். அந்தப் பார்வையை எனக்கு அடையாளம் தெரிந்தது. ஐந்து நிமிஷமாக நான் அந்தப் பயத்தைத்தான் வயிற்றில் சுமந்துகொண்டு ஓடியிருந்தேன். எனக்கு ஐந்து நிமிஷம். இவர்கள் இரண்டு பேருக்கும் எத்தனை வருஷமோ.

அவர் உள்ளங்கையில் இருந்து ஸ்க்ரூவை எடுத்தேன். மண்ணைக்கூடத் துடைக்காமல் உதடு நடுவில் வைத்துக் கவ்விக்கொண்டேன். சொல்லுங்கள் என்று கையால் காட்டினேன்.

அவர் நம்பவில்லை, இன்னொரு தடவை என் வாயைப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம் நாப்பத்தாறரை," என்றார். "ஒண்ணரை செகண்டு கம்மி."

வாண்டு வலியில் முனகிக்கொண்டே சிரித்தாள். நான் ஸ்க்ரூவை எடுக்காமல் அவளுடைய நல்ல தோளுக்குக் கீழே கையைக் கொடுத்து, அவர் அந்தப் பக்கம் இடுப்பைப் பிடிக்க, வேன் வரைக்கும் கூட்டிப்போனேன்.